நல்லவர்கள் மட்டும் வாழும் தெரு

நாவல்களை எடைபோட நான் விமர்சகன் அல்லன். வலிகாமத்துக் கிராமப் பாடசாலையொன்றில் தமிழ் கற்பிப்பவன். பிடித்தது, பிடிக்காதது, வாசிக்கச் சிரமப்பட்டது என்ற மூன்றுக்குள் என் வாசிப்பு அடங்கிவிடும்.

சிரமப்பட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். சித்திலெவ்வையின் 'அசன்பேயுடைய கதை' (1885) ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று ஆசிரிய கலாசாலையில் மனனம் செய்தோம். நூலைக் கண்ணால் கண்டவர் எங்கள் வகுப்பில் இல்லை. பின்னர் கையில் கிடைத்தபோது, எகிப்து, இந்தியா என்று சுற்றும் அக்கதையில் சம்பவங்கள் ஒன்றையொன்று துரத்தின. மனிதரின் உள்ளத்துக்குள் நுழைய எனக்கு வழி கிடைக்கவில்லை. 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்து ஆறே ஆண்டுகளில் நடந்த முயற்சி என்ற மதிப்பே என்னைக் கடைசிப் பக்கம்வரை கொண்டுசென்றது.

மிகப் பிடித்தது தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'. 1988இல் நூலாக வந்தது. குமரி மாவட்டத்து முஸ்லிம்களின் பேச்சு முதலில் என்னைத் திணறடித்தது. டானியலின் 'பஞ்சமர்' தமிழ்நாட்டு வாசகரை இப்படித்தான் திணறடித்திருக்கும் என எண்ணிக்கொண்டேன். வாய்விட்டு வாசித்தபோது காது விளங்கிக்கொண்டது. ஊருக்கு வரும் பள்ளிக்கூடத்தை முதலாளி எதிர்க்கும் பகுதிகள் எந்த ஆசிரியனையும் உறங்கவிடாதவை. தம் சமூகத்தின் கொடியவரையும் ஏமாற்றுக்காரரையும் மீரான் மறைக்கவில்லை. அதனாலேயே அது உயிருள்ள கிராமமாக இருக்கிறது.

இனிப் பிடிக்காதவை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினர். அப்போது எனக்குப் பத்து வயது. பிறகு நான் படித்த வகுப்புகளில் ஒரு முஸ்லிம் மாணவன்கூட இருக்கவில்லை. ஆகவே சோனகத்தெருவை நாவல்களில் தேடினேன். நான் வாசித்த யாழ்ப்பாணக் கதைகள் பலவற்றில் முஸ்லிம், படலையடியில் நின்று வியாபாரம் பேசிவிட்டுப் போய்விடுகிறார். வெளியேற்றத்தைத் தொடும் கதைகளிலோ பெருநாள் சாப்பாடு கொடுத்தனுப்பிய நல்ல அயலவராக வருகிறார். அழுதுகொண்டு புறப்படுவதற்காகவே கதைக்குள் கொண்டுவரப்பட்டவர்போல இருக்கிறார். எழுதியவரின் அனுதாபத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அனுதாபம் மட்டும் ஒரு மனிதரை உருவாக்கிவிடாது.

இத்தனைக்கும் ஈழத்து முற்போக்கு நாவலாசிரியர்களில் முக்கியமானவரும் 'நீதியே நீ கேள்!' எழுதியவருமான இளங்கீரன் யாழ்ப்பாணத்து முஸ்லிம்தான். இலக்கிய வரலாற்றில் அவருக்கு இடமுண்டு. அவரைப் பெற்ற சமூகத்தின் அன்றாடம் முழுமையாக விரியும் ஒரு நாவலை நான் இன்னும் வாசிக்கவில்லை.

போர் முடிந்தபின் சில குடும்பங்கள் திரும்பி வந்திருக்கின்றன. அவர்களின் பிள்ளைகளோ, என் மாணவரோ, யாராவது அதை எழுதட்டும். அதில் மதிற்சண்டை இருக்கட்டும். தையற்கடைக்காரரின் போட்டி, கஞ்சத்தனமான மாமா, வீட்டார் விரும்பாத காதல் எல்லாம் இருக்கட்டும். வெளியேற்றம் பிந்திய அத்தியாயமாக வரட்டும். வாழ்ந்த வாழ்க்கையை அறிந்த வாசகனுக்கே அந்த இரண்டு மணித்தியாலத்தில் என்னென்ன போயிற்று என்று விளங்கும்.