புளிமாவைக் கொட்டாமல் ஒரு பாண்

சவர்டோ பாண் செய்முறை எதை எடுத்தாலும் ஓர் இடத்தில் அந்த வரி வந்துவிடும்: பாதியைக் கொட்டிவிட்டு, மிச்சத்துக்குப் புது மாவும் தண்ணீரும் சேருங்கள். கோதுமை மாவையும் தண்ணீரையும் கலந்து புளிக்கவிட்டு ஈஸ்டுக்குப் பதிலாகப் பாவிக்கும் கலவையைப் பற்றித்தான் சொல்கிறார்கள். நான் அதைப் புளிமா என்கிறேன். எழுதியவர்களுக்குக் கொட்டுவது சின்ன விசயம். எங்கட வீட்டில் அப்படியில்லை.

அம்மம்மா 1995 இடம்பெயர்வில் வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு நடந்து போனவர். நிவாரணத்தில் கிடைத்த மாவில் பிள்ளைகளுக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தவர். போத்தலில் நான் கரைத்து வைத்ததைப் பார்த்து ஒண்டுதான் கேட்டார்: "பாதியைக் கொட்டுறதெண்டால் உதை ஏன் பிள்ளை கரைக்கிறாய்?"

நியாயமான கேள்வி. கொட்டச் சொல்வதற்குக் காரணம் வெறும் கணக்குத்தான். புளிமா, மா, தண்ணீர் மூன்றையும் சம நிறையில் சேர்த்தால் ஒவ்வொரு முறையும் மொத்தம் மூன்று மடங்காகும். 100 கிராமில் தொடங்கினால் நாலாம் முறை 8 கிலோவைத் தாண்டிவிடும். ஆனால் 100 கிராமில் தொடங்கவேணும் என்று ஒரு சட்டமும் இல்லையே. நான் 10 கிராம்தான் வைத்திருக்கிறேன். நாளுக்கு 10 கிராம் மா, 10 கிராம் தண்ணீர். மிஞ்சுகிற 20 கிராம் தோசை மாவுக்குள் போகும். முதல் கிழமை மட்டும் வேறு பக்டீரியாக்கள் முந்தி வளர்வதால் மிஞ்சுவதைச் சாப்பிடக்கூடாது. அது வாழையடிக்கு. பிறகு காட்டு ஈஸ்டும் லக்டிக் அமில பக்டீரியாவும் நிலைத்து, நல்ல புளிப்பு மணம் வரும்.

பாண் சுடுவதற்கு முதல்நாள் இரவு அந்த 10 கிராமுக்கு 25 கிராம் மாவும் 25 கிராம் தண்ணீரும் கொடுப்பேன். காலையில் 50 கிராம் பாணுக்கு, 10 கிராம் திரும்பப் போத்தலுக்கு. அந்த 50 கிராமோடு 250 கிராம் மா, 165 கிராம் தண்ணீர், 5 கிராம் உப்பு. கிட்டத்தட்ட ஒரு றாத்தல் பாண்.

குளிர் நாட்டுக்காரர் மா பொங்க 10, 12 மணித்தியாலம் என்று எழுதுவார்கள். எங்கட 30 பாகை வெக்கையில் நாலைந்து மணித்தியாலமே போதும். அப்பத்துக்கு மா புளிக்க வைக்கிற ஆக்கள் மணிக்கூட்டைப் பார்ப்பதில்லை, மாவைத்தான் பார்ப்பார்கள். இதுக்கும் அதே பார்வைதான்.

அடுத்தது டச் ஒவன். பெயர்தான் பெரிசு. தடித்த வார்ப்பிரும்புச் சட்டி, இறுக்கமான மூடி, அவ்வளவுதான். பழைய வகைக்கு மூன்று கால்களும், தணல் கொட்டுவதற்கு விளிம்பு வைத்த மூடியும் இருக்கும். மூடி போட்டால் மாவிலிருந்து எழும் ஆவி உள்ளேயே நிற்கும். மேல்தோல் உடனே காயாது, பாண் நல்லாய் எழும்பும். ஆவி போனபிறகுதான் தோல் முறுகிச் சிவக்கும்.

வீட்டில் மின்சாரப் போறணை இல்லை. 2022இல் காஸ் இல்லாமல் கனக்க வெதுப்பகங்கள் பூட்டிக் கிடந்ததையும் பார்த்தோம். சிரட்டைத் தணல் எப்பவும் இருக்கிறது. அம்மம்மா அந்தக் காலத்தில் சட்டிக்கு மேலும் கீழும் தணல் போட்டுக் கேக் சுட்டவர். "கீழ கொஞ்சமாப் போடு, மேல கூடப் போடு. இல்லாட்டி அடி கருகும்" என்றார். டச் ஒவனில் தணல் வைத்துச் சுடுகிறவர்களின் முறையும் இதேதான். சட்டியை முதலில் நன்றாகச் சூடாக்கி மாவை உள்ளே வைப்போம். 25 நிமிடம் கழித்து மூடிக்கு இடையில் ஒரு ஆணியைச் செருகினால் ஆவி வெளியேறும். இன்னும் 20 நிமிடம் தணலில் இருக்கவேணும்.

அம்மம்மாவுக்குப் பாணின் தோலைக் கடிக்க ஏலாது. உள்ளேயிருக்கிற மெத்தென்ற பகுதியைப் பிளேன்ரீயில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு, "பழைய விறகுப் போறணைப் பாணின்ர மணம் இருக்கு" என்றார். தோல் முழுக்க எனக்கு.

இப்போது மிஞ்சுகிற புளிமாவுக்கு வீட்டில் போட்டி. நான் எழும்ப முதலே அவர் எடுத்து ரொட்டிக்குப் போட்டுவிடுகிறார். என்ர தோசைக்கு ஒண்டும் மிச்சமில்லை.