மாமனாரின் வெள்ளி நிறக் கார்

ஐப்பசியில் நாலு நாள் விடாமல் பெய்தால் ரோட்டில் போட்ட தார் ஜல்லியை விட்டுப் பெயர்ந்துவிடுகிறது. அதே தார் காரின் கதவில் ஒரு பொட்டு தெறித்தால், மழைக்காலம் முழுக்க வண்டியை வெளியே நிறுத்தினாலும் அசையாது. காண்ட்ராக்டரைத் திட்டுவதில் நியாயம் இருக்கலாம். ஆனால் கோளாறு ஜல்லியின் குணத்திலும் இருக்கிறது. கல்லுக்குத் தாரைவிடத் தண்ணீரைத்தான் பிடிக்கும். இடுக்கில் புகுந்த ஈரம் தாரை மெல்லக் கழற்றிவிடும். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன், சூடான ஜல்லியின் மேல் கழிவு பிளாஸ்டிக்கை உருக்கிப் பூசிவிட்டு அதற்குப் பிறகு தார் கலக்கும் முறையைக் கொண்டுவந்தார். கல்லுக்கும் தாருக்கும் நடுவே தண்ணீர் நுழையாமல் செய்வதுதான் அதன் சூட்சுமம். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. காரின் பெயிண்டுக்கு இந்த உபகாரமெல்லாம் தேவையில்லை. அது பிசினால் ஆனது, தாரோ கச்சா எண்ணெயின் அடிவண்டல். பார்த்த மாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும் சொந்தம்.

இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டதற்குக் காரணம் ஆர்வம் அல்ல, பயம்.

தென்காசியில் ஒரு கல்யாணம். மாமனாரின் காரை இரவல் வாங்கிப் போயிருந்தோம். வெள்ளி நிறம். சனிக்கிழமைதோறும் அவரே துடைப்பார். “வண்டியில ஒரு கீறல் காமிங்க பார்ப்போம் மாப்ளே” என்பது வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவர் விடும் சவால். திரும்பி வரும் வழியில் ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். புது அடுக்கு பிடிப்பதற்காகப் பழைய ரோட்டின் மேல் முதலில் எமல்ஷன் தெளிப்பார்கள். தாரைப் பொடித்துளிகளாகத் தண்ணீரில் கலந்த கலவை அது. தெளித்ததும் காப்பிப்பொடி நிறத்தில் இருக்கும், தண்ணீர் பிரிந்த பிறகுதான் கறுக்கும். நாங்கள் போனபோது இன்னும் பழுப்பு மாறவில்லை. கொடி பிடித்தவர் போகச் சொன்னார், பின்னால் லாரி ஹாரன் அடித்தது, போனேன். மட்கார்டுக்குள் படபடவென்று சத்தம் கேட்டது. மனைவி ரேடியோவின் ஒலியைக் கூட்டினாள்.

வீட்டில் வந்து பார்த்தால் இடது பக்கம் முழுக்க, சக்கரத்துக்குப் பின்னாலும் கதவுகளின் அடியிலும் மிளகு தூவிய மாதிரி கறுப்புப் புள்ளிகள். மறுநாள் மாலை வண்டியை ஒப்படைக்க வேண்டும்.

தெருமுனை வாட்டர் வாஷ் பையன் பிரஷரைக் கூட்டி அடித்துப் பார்த்தான். தூசி போனதில் புள்ளிகள் இன்னும் பளிச்சென்று தெரிந்தன. “தின்னர் போட்டா ஒரே இழுப்புல வந்துரும்ணே” என்றான். வரும்தான், கூடவே வேறு சிலதும் வரலாம். கம்பெனியில் அடித்த பெயிண்ட் ஏறக்குறைய 140 டிகிரிச் சூட்டில் வெந்து இறுகியது, எளிதில் கரையாது. ஆனால் அதன்மேல் காவலாக நிற்கும் கிளியர் கோட்டின் கனம் பொதுவாக 40, 50 மைக்ரான்தான். ஒரு மில்லிமீட்டரை இருபது கூறு போட்டால் ஒரு கூறு. வெளிப் பட்டறையில் பூசிய மலிவான லாக்கர் பெயிண்ட் என்றாலோ, தின்னர் பட்டதும் தாரோடு சேர்ந்து அதுவும் துணிக்கு வந்துவிடும். பின் விளக்கின் பிளாஸ்டிக் மங்கிப்போவது தனிக் கதை.

பையனுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் விரல் நகம் சும்மா இருக்க மறுத்தது. ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் கல்பொடி இருக்கிறது, சுரண்டினால் அதுவே உப்புத்தாளாகிவிடும் என்று தெரிந்தும் கை போய்க்கொண்டே இருந்தது. அதைத் தடுத்தவள் மனைவிதான். “பலாப்பழம் அறுத்தா பிசினைக் கையில சுரண்டியா எடுக்கறோம்?” என்று தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தாள்.

எண்ணெய்க்கு எண்ணெய். தேங்காய் எண்ணெய் தாரை இளக்கியது, ஆனால் ரொம்ப நிதானமாக. அந்த வேகத்தில் போனால் அடுத்த கல்யாணத்துக்குத்தான் முடியும். எனாமலில் கலக்கப் பெயிண்ட் கடையில் விற்கும் டர்பன்டைன் வாங்கி வந்தேன். மண்ணெண்ணெயும் இதே வேலையைச் செய்யும். பெட்ரோலும் கரைக்கும், ஆனால் கரைத்ததைத் துணியில் எடுப்பதற்குள் ஆவியாகி, புள்ளியாக இருந்ததைத் தீற்றலாக்கிவிட்டுப் போய்விடும். தீப்பொறிக்கும் அதற்கும் உள்ள பிரியத்தைச் சொல்லவே வேண்டாம்.

வண்டியை வேப்பமர நிழலில் நிறுத்தி, பாடி குளிரும்வரை காத்திருந்தேன். ஷாம்பு போட்டு மண்ணைக் கழுவியாயிற்று. கதவுக்கு அடியில், கண்ணில் படாத ஓரத்தில் ஒரு துளி வைத்துத் துடைத்ததில் நிறம் வரவில்லை. பிறகு பனியன் துணியை டர்பன்டைனில் நனைத்துப் புள்ளிகள் மேல் ஒட்டவைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். இந்தச் சும்மா இருப்பதுதான் வேலையின் பெரும்பகுதி. கொஞ்ச நேரத்தில் துணிக்கு அடியிலிருந்து பழுப்புக் கண்ணீர் வழிந்தது. அப்புறம் அழுத்தாமல் ஒரே திசையில் ஒரு வழிப்பு. துணியின் அழுக்குப் பக்கத்தை மறுபடி வைக்கவே கூடாது, எடுத்ததையே திரும்பப் பூசிய கணக்காகிவிடும். எங்கள் வீட்டுப் பழைய பனியன்கள் எல்லாம் அன்று தீர்ந்தன. முடிந்ததும் எண்ணெய்ப்பசை போக இன்னொரு ஷாம்பு. டர்பன்டைன் தாரோடு பழைய வாக்ஸையும் கொண்டுபோயிருக்கும் என்பதால் புதிதாக ஒரு பூச்சு வாக்ஸ். அதை இரண்டு பக்கமும் போட வேண்டியதாயிற்று. இடது பக்கம் மட்டும் மின்னினால் மாமனார் கண்டுபிடித்துவிடுவார்.

பின்கதவைத் திறந்து ஓரங்களைத் துடைக்கும்போதுதான் அதைப் பார்த்தேன். கறுப்பு ரப்பர் பீடிங்கின் மேல் பொடிப்பொடியாக வெள்ளிப் பெயிண்ட். உள்மடிப்பில் டேப் ஒட்டி அடித்த நேர்க்கோடு. வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தால் அந்தக் கதவில் மட்டும் பளபளப்பு ஆரஞ்சுத் தோல்போலச் சன்னமாகப் புடைத்திருந்தது. கம்பெனியில் கதவுக்குப் பெயிண்ட் அடித்த பிறகுதான் பீடிங் மாட்டுவார்கள், அதன்மேல் பெயிண்ட் தெறிக்க வழியே இல்லை. கீறலே படாத வண்டியின் பின்கதவு எப்போதோ, எதன் மீதோ நன்றாக மோதிப் பட்டறைக்குப் போய் வந்திருக்கிறது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கதவையும் என்னையும் பார்த்துவிட்டு, “அம்மாவுக்குக்கூடத் தெரியாது” என்றாள்.

மாலையில் சாவியைக் கொடுத்தேன். மாமனார் வழக்கம்போல வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“வாட்டர் வாஷ் விட்டீங்களா மாப்ளே?”

“இல்ல மாமா, நானே துடைச்சேன். ரோட்டுத் தூசி.”

“வாக்ஸ் எல்லாம் போட்ட மாதிரி இருக்கே.”

“சும்மாதான் மாமா.”

பின்கதவின் அருகே வந்து நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, அழுக்கே இல்லாத இடத்தை ஒருமுறை ஒற்றினார்.

“இந்தக் கதவை மட்டும் ரொம்ப அழுத்தித் துடைச்சிராதீங்க.”

“இல்ல மாமா, ஒற்றித்தான் எடுத்தேன்” என்றேன்.