பத்தர் தெரு மண்

பத்தர் பட்டறையில் அரம் பட்டு உதிரும் பொன்பொடி கொஞ்சம் அவர் மடியில் விழும், கொஞ்சம் தரையில் விழும், மிச்சம் கை கழுவும் தண்ணீரோடு போய்விடும். மடியில் விழுந்ததை அவரே உதறி எடுத்துக்கொள்வார். தரையைப் பெருக்கிய பட்டறைக் குப்பையை மொத்தமாக விலை பேசி வாங்கிப்போக ஆள் இருக்கிறது. சாக்கடைக்குப் போனதற்கு மட்டும் விலை கிடையாது. விடிவதற்குள் வந்து வழித்துக்கொள்கிறவருக்கே அது சொந்தம்.

கோவை மாதிரி நகைத்தொழில் பெருத்த ஊர்களில் இந்த மண்ணை அரித்தே காலம் தள்ளும் குடும்பங்கள் உண்டு. நான் போனது அவ்வளவு பெரிய இடத்துக்கு இல்லை. நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டிய இந்திரா நகரில், சுரங்கத்தில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், மண் அரிக்கும் அம்மா ஒருவருக்காகத் தகரத்தில் பெட்டி அடித்திருக்கிறார் என்று தெரிந்து போனேன்.

அந்த அம்மா டிவிஎஸ் ஐம்பதில் சாக்கு மூட்டையோடு வந்தார். பக்கத்து ஊர்ப் பட்டறைத் தெருக்களில் வழித்த மண். கரேலென்று, எண்ணெய்ப் பிசுக்கோடு, தலைமயிரும் பீடித்துண்டும் கலந்து கிடந்தது. அதை முதலில் இரும்புத் தட்டில் போட்டு, அடியில் விறகு வைத்து வறுத்தார். மெருகு போடும்போது சேரும் பிசுக்கு போகாவிட்டால் பொடியின் மேல் தண்ணீர் ஒட்டாதாம். “பொன்னு கனம்னுதானே சொல்றாங்க? பிசுக்கு இருந்தா மெதந்து போயிடும் சார்” என்றார். உண்மைதான். சுத்தத் தங்கம் தண்ணீரைப்போல் 19 மடங்கு கனம், மணல் இரண்டரை மடங்குதான். ஆனால் தகடாக நசுங்கிய தூசுக்கு அந்தக் கனம் உதவுவதில்லை. நீரின் மேற்பரப்பே அதைத் தாங்கிவிடும்.

வறுத்த மண்ணைச் சலித்தார். காந்தத்தைத் துணியில் சுற்றி மேலே ஓட்டினார். அரத்தூளும், பற்றவைக்கும்போது கட்டும் இரும்புக் கம்பித் துணுக்குகளும் மயிர்மயிராய் ஒட்டின. துணியை உருவியதும் எல்லாம் கீழே கொட்டியது. பிறகு அகலமான இரும்புச்சட்டியில் தண்ணீர் விட்டுச் சுழற்றத் தொடங்கினார். மணிக்கட்டு மட்டும்தான் அசைகிறது. ஒவ்வொரு சுற்றிலும் விளிம்பு வழியாகக் கொஞ்சம் கருமண் வழிந்தது. கடைசியில் அடியில் ஒரு சிட்டிகை. அதில் எது பொன், எது பித்தளை என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை.

வழக்கமாக இந்தச் சிட்டிகையில் ஒரு சொட்டு ரசம் விடுவார்கள். பாதரசம் பொன்னைக் கவ்விக்கொள்ளும். அதைத் துணியில் வைத்துப் பிழிந்து, மிஞ்சும் வெள்ளை உருண்டையை அடுப்பில் காய்ச்சினால் 357 டிகிரியில் ரசம் ஆவியாகிப் பொன் நிற்கும். கூட ஒட்டிவந்த வெள்ளியையும் செம்பையும் திராவகம் கரைத்துவிடும். அந்த ரச ஆவி எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. அந்த அம்மா காய்ச்சுவது வீட்டுக்குப் பின்னால், கூரைக்கு அடியில். உலகம் முழுக்க மனிதர்களால் காற்றில் கலக்கும் பாதரசத்துக்கு இப்படிச் சிறு அளவில் தங்கம் எடுப்பதுதான் முதல் காரணம். பாதரசத்தைக் குறைக்கவென்றே 2013-இல் மினமாட்டா உடன்படிக்கை எழுதப்பட்டது; 2018-இல் இந்தியாவும் அதை ஏற்றது. தாள் அளவில் எல்லாம் சரி. ரசத்தை விட்டுவிட்டு வேறு எதில் பிடிப்பது என்று சாக்கடை ஓரத்துக்கு வந்து யாரும் சொல்லித்தரவில்லை.

ஃபிட்டரின் பெட்டி அதற்கான முயற்சிதான். யூடியூபில் காட்டும் ஸ்லூயிஸ் பெட்டிகளை அவர் ஒன்றுவிடாமல் பார்த்திருக்கிறார். அலுமினிய வாய்க்கால், குறுக்கே விரல் உயரச் சட்டங்கள். “அது ஆத்துல கூழாங்கல்லோட வர்ற தங்கத்துக்கு சார். இந்தத் தூளுக்கு அந்தச் சட்டம் எமன்” என்றார். உயரமான சட்டத்தில் மோதும் தண்ணீர் பின்னால் சுழன்று எழும். குருணைப் பொன் அந்தச் சுழலுக்குள்ளும் அடங்கி உட்காரும். மாவுபோன்ற பொடியை அதே சுழல் தூக்கி வெளியே எறிந்துவிடும். நம் வீட்டு அரிக்கஞ்சட்டியின் உள்வரிகள் மெலிசாக, நெருக்கமாக இருப்பதுபோலத்தான் இதற்கும் வேண்டும்.

அவர் தேர்ந்தெடுத்தது கழித்துப்போட்ட கன்வேயர் பெல்ட் ரப்பர். நெய்வேலிக்காரருக்கு அது மாட்டுத் தொழுவ விரிப்பு, வாசல் மிதியடி எல்லாம். அதில் தீக்குச்சிக் கனத்தில் குறுக்குக் கோடுகள் கீறி, பெட்டியின் மேல்பாதியில் ஒட்டியிருந்தார். கீழ்ப்பாதியில் பழைய கம்பளி. பொடி பிடிக்க இழைகளுக்கு ஈடில்லை. கிரேக்கர் கதையில் வரும் பொன் ஆட்டுத்தோல்கூட, இன்றைய ஜார்ஜியா நாட்டு ஓடைகளில் தோலை விரித்துப் பொடி பிடித்த வழக்கத்திலிருந்து வந்தது என்று சொல்வதுண்டு. பெட்டி நீளத்தைவிட அகலத்துக்கே அவர் இடம் கொடுத்திருந்தார். அகலம் கூடினால் தண்ணீர் தகடாக விரியும், ஆழம் குறையும், பொடி அடியைத் தொட அவகாசம் கிடைக்கும். சரிவும் கொஞ்சம்தான். மண் நகர வேண்டும், ஓடக்கூடாது. பொடி மிதக்காமல் இருக்கத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு.

பொன்னை வைத்துச் சோதிக்க யாரால் முடியும்? அவர் ஈயத்தை அரத்தால் ராவி, அந்தப் பொடியை மணலில் கலந்து ஓட்டிப் பார்த்திருக்கிறார். ஈயம் தண்ணீரைப்போல் 11 மடங்குதான். அதே பருமனில் ஈயம் தங்கினால் பொன்னும் தங்கும் என்பது கணக்கு. எனக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்தது. வெளியே போன மணலை மறுபடி சட்டியில் அரித்து, ஈயம் தென்பட்டால் சரிவை இன்னும் ஒரு விரல் தாழ்த்துவாராம்.

தண்ணீரை அளந்து விடும் இந்தப் புத்தி இந்த ஊருக்குப் புதிதல்ல. ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு வந்த கரும்பொருள்தான் நெய்வேலியின் தொடக்கம். 1957-இல் சுரங்க வேலை தொடங்கி, 1961-இல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. அதற்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இன்றுவரை ஓயாமல் இறைத்தால்தான் சுரங்கம் நிற்கும். வாழ்நாளெல்லாம் அங்கே பம்பும் பெல்ட்டும் பார்த்தவருக்கு ஒரு வாளித் தண்ணீரின் வேகம் பிடிபடாமல் இருக்குமா?

அந்த அம்மா தன் மண்ணைப் பெட்டியில் கொட்டினார். கம்பளியை அலசிய வாளியைச் சட்டியில் மாற்றிச் சுழற்றினார். சிட்டிகை வழக்கத்தைவிடச் சுத்தமாக வந்தது என்று அவரே சொன்னார். ரசத்தை அடியோடு விடமாட்டாராம். கடைசிச் சிட்டிகைக்கு மட்டும் வைத்துக்கொள்வாராம். மூடியும் குழாயும் வைத்த பாத்திரத்தில் காய்ச்சி, ஆவியைத் தண்ணீரில் பிடிக்கலாம் என்று ஃபிட்டர் சொன்னதற்குப் பதில் வரவில்லை.

“பெட்டி நல்லாத்தான் இருக்குதுண்ணே. வண்டியில கட்ட முடியாதே?”

“நடுவுல வெட்டி கீல் போட்டுத் தரேம்மா. மடக்கி எடுத்துட்டுப் போ.”

“கீல் சந்துல பொடி ஒழுகிடாதா?”

அவர் சாக்பீஸை எடுத்துப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார். வெட்டுவதானால் குறுக்கே வேண்டாம், நீளவாக்கில் வெட்டி மேலே ஒரே ரப்பராக விரிக்கலாம் என்று அளக்கத் தொடங்கினார். அந்த அம்மா ரப்பரின் விலையைக் கேட்டுக்கொண்டிருந்தார்.