விட்டுப்போன சில சென்டிமீட்டர்

சுய்கெட்சு ஏரிக்குள் எந்தப் பெரிய ஆறும் நேராக வந்து விழுவதில்லை. அந்த ஏரிக்கு வாய்த்த முதல் நற்பேறு அதுதான். ஜப்பானின் மேற்குக் கரையில், ஃபுகுய் மாநிலத்தின் வகாசா என்ற சிறு நகரை ஒட்டி ஐந்து ஏரிகள் பக்கம் பக்கமாகக் கிடக்கின்றன. ஹாசு ஆறு அடித்துவரும் மணலும் சரளையும் முதலில் மிகாதா ஏரியிலேயே தங்கிவிடும். அங்கிருந்து ஒரு குறுகிய நீர்வழியாகச் சுய்கெட்சுவுக்கு வந்து சேர்வது தெளிந்த நீரும் மிக நுண்ணிய துகள்களும்தான். சுற்றிலும் மலை என்பதால் பெருங்காற்று ஏரியைக் கலக்குவதில்லை. 34 மீட்டர் ஆழத்தில், அடிநீரில் ஆக்சிஜன் கிடையாது. ஆகவே சேற்றைக் கிளறும் புழுவும் இல்லை, நத்தையும் இல்லை. இறங்கிய துகள் இறங்கிய இடத்திலேயே கிடக்கிறது.

ஆண்டுதோறும் இப்படிப் படிந்தால் ஏரி எப்போதோ தூர்ந்துபோயிருக்க வேண்டாமா? ஏரிப்பாசன ஊரில் வளர்ந்த எவருக்கும் முதலில் எழும் கேள்வி இது. விடை, ஏரிகளுக்குக் கிழக்கே செல்லும் மிகாதா நிலப்பிளவில் இருக்கிறது. அதன் அசைவால் ஏரியின் தரை மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டே போகிறது. சேறு ஏற ஏறத் தரை இறங்குகிறது. இன்று அங்கே இருப்பது ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகப் படிந்த அடுக்குகள். அடுக்குகள் உள்ள பகுதி மட்டும் 45 மீட்டர், 70,000 ஆண்டுகள்.

நான் போயிருந்த சமயம் ஒரு சிறு ஆய்வுக் குழு படகில் நின்று மேல்சேற்றை எடுத்துக்கொண்டிருந்தது. கருவி எளியது: உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் குழாய், தலையில் இரும்பு எடை, ஒரு நீளக் கயிறு. கயிறு மூத்த பணியாளரின் கையில் இருந்தது. குழாயை வேகமாக விட்டால் அதற்கு முன்னால் தள்ளப்படும் நீரே மேல்சேற்றைச் சிதறடித்துவிடுமாம். அதனால் கடைசிச் சில மீட்டருக்கு அவர் கயிற்றை அங்குலம் அங்குலமாக விட்டார். மேலே இழுக்கும்போது குழாயின் வாய் நீர்மட்டத்தைத் தாண்டுவதற்கு முன்பே இளைஞர் ஒருவர் குப்புறப் படுத்து, நீருக்குள் கைவிட்டு ரப்பர் அடைப்பானைச் செருகினார். அந்தக் கணம் பிந்தினால் உள்ளே இருப்பது மொத்தமும் வழுக்கி ஏரிக்கே போய்விடும். அழுகிய முட்டை நாற்றம் படகெங்கும் பரவியது. 1662-ல் வந்த நிலநடுக்கம் இந்த ஏரிகளின் வடிகாலைக் கெடுத்துவிட, ஊரார் மலையைக் குடைந்து 1664-ல் உராமி கால்வாயை முடித்தார்கள். அதன் வழியே கடல்நீர் புகுந்து, கனத்த உப்புநீர் அடியில் தங்கிவிட்டது. அதில் ஊறும் ஹைட்ரஜன் சல்பைடுதான் அந்த நாற்றம்.

குழாயை நெட்டுக்குத்தாகப் பிடித்து மூவரும் உற்றுப் பார்த்தது சேற்றை அல்ல, சேற்றுக்கு மேல் நின்ற ஒரு சாண் நீரை. அந்த நீர் தெளிந்திருந்தால் மேற்பரப்பு கலையவில்லை என்று பொருள். அது லேசாகக் கலங்கியிருந்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை. அடைப்பானைப் பிடுங்கி, அத்தனையையும் ஏரியில் கொட்டிவிட்டு, குழாயைக் கழுவிக் கயிற்றை மறுபடி சுற்றத் தொடங்கினார்கள்.

இந்தக் கண்டிப்பு எங்கிருந்து வந்தது என்று புரிய 1993-க்குப் போக வேண்டும். அதற்கு இரண்டு ஆண்டு முன்னர்தான் யாசுதா யோஷினோரியின் குழு இந்த ஏரியடியில் வரிவரியான சேறு இருப்பதைக் கண்டிருந்தது. 1993-ல் ஏரி நடுவில் ஒரே துளையிட்டு 75 மீட்டர் ஆழம்வரை சேற்றுத் தூண்களை எடுத்தார்கள். கோர் என்பது ஆய்வாளர்கள் வழக்கு. கிதாகவா ஹிரோயுகி அவற்றில் சுமார் 29,000 ஆண்டடுக்குகளை எண்ணி, அடுக்குகளில் சிக்கிய இலைகளின், காலம் கணிக்க உதவும் கார்பன்-14 அளவுகளோடு 1998-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார். உலகம் வியந்தது. ஆனால் குகைப் படிவுகள், பவளம், கடலடிச் சேறு என்று மற்ற சான்றுகள் சேரச் சேர, சுய்கெட்சுவின் காலக்கணக்கு அவற்றோடு ஒட்டாமல் விலகியது. அடுக்குகளின் உண்மை வயதைவிடக் குறைவாக அது காட்டியது.

பிசகு ஏரியில் இல்லை, மூட்டுகளில் இருந்தது. எந்தத் துளைக்கருவியும் ஒரே மூச்சில் 75 மீட்டரை உருவிவிடாது. ஒரு தூண் எடுத்து, கருவியை மேலே கொண்டுவந்து, காலி செய்து, அதே துளையில் இறக்கி அடுத்த தூண். ஒன்றின் அடிக்கும் அடுத்ததன் தலைக்கும் நடுவே சில சென்டிமீட்டர் சிதைந்தோ நழுவியோ போகும். ஒரு சென்டிமீட்டர் என்றால் இங்கே பத்துப் பதினைந்து ஆண்டு. எண்ணியவர் இருந்ததையெல்லாம் பழுதில்லாமல் எண்ணினார். கைக்கு வராததை யார் எண்ண முடியும்? பெருமுயற்சி ஒன்று அறிவுக் குறைவால் அல்லாமல் மூட்டுக்கு மூட்டு விட்டுப்போன கொஞ்சம் சேற்றால் தடுமாறியது என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. பின்னர் வந்தவர்கள் பழைய உழைப்பைப் பழிக்காமல் அந்த இடைவெளிகளையே ஆராய்ந்தார்கள் என்பதில் அதற்கு ஈடான மதிப்பும் எனக்கு உண்டு.

2006-ல் நாககாவா தாகேஷியின் தலைமையில் பன்னாட்டுக் குழு ஒன்று மீண்டும் வந்தது. இம்முறை அருகருகே நான்கு துளைகள். ஒவ்வொன்றிலும் தூண் தொடங்கும் ஆழத்தை மாற்றி வைத்தார்கள். ஓடு வேய்கிறவர் ஒரு வரிசையின் பொருத்து அடுத்த ஓட்டின் நடுவில் விழும்படி அடுக்குவாரே, அப்படி. ஒரு துளையில் விட்டுப்போனது பக்கத்துத் துளையின் தூணுக்குள் முழுசாக இருக்கும். நான்கையும் சாம்பல் வரி, வெள்ளப் படிவு போன்ற அடையாளங்களை வைத்துப் பொருத்தியபோது 73 மீட்டருக்கு இடைவெளியில்லாத ஒரே தூண் கிடைத்தது.

எடுத்த பிறகு நடக்கும் வேலையை ஆய்வுக்கூடத்தில் பார்த்தேன். தூணை நெடுகப் பிளந்ததும் முதல் வேலை படம் எடுப்பது. காற்றுப் பட்டவுடன் சேற்றின் இரும்புச் சத்து துருவேறி நிறம் மாறத் தொடங்கிவிடும். எனவே விளக்கும் கேமராவும் முன்கூட்டியே தயாராக நிற்கின்றன. பிளந்த முகத்தில், பச்சை கலந்த கறுப்பில் மயிரிழை மயிரிழையாக வெளிர் கோடுகள். இளவேனிலில் பெருகி மடிந்த டயாட்டம் பாசிகளின் கண்ணாடிக் கூடுகள், அழுகிய உயிர்ப்பொருள், குளிர்காலத்துக் களிமண், இரும்புக் கார்பனேட்டு என்று ஒரு ஆண்டின் பருவங்கள் வரிசை தப்பாமல் கிடக்கின்றன.

சேற்றைத் துண்டெடுப்பதற்கு நாககாவாவின் குழு வகுத்த முறை ஒன்றுண்டு. ‘எல்’ வடிவச் சட்டம் ஒன்றைச் சேற்றில் அழுத்தி இறக்கி, இன்னொன்றை எதிர்ப்பக்கமாக அதோடு பொருத்தி, மெல்லிய இழையால் அறுத்தால் நான்கு பக்கமும் சீரான நீளப் பட்டை குலையாமல் வெளியே வரும். இழையை இழுத்த பெண்மணி இரு முழங்கைகளையும் மேசையில் ஊன்றியிருந்தார். தோள் அசைந்தால் இழை வளையும். வளைந்தால் ஒரு ஆண்டு அடுத்ததோடு கலக்கும் என்றார்.

அந்தப் பட்டையை உறைய வைத்து, உறைநிலையிலேயே ஈரம் போக்கி, ரெசினில் ஊறவைத்துக் கெட்டியாக்குவார்கள். பிறகு கண்ணாடிச் சில்லில் ஒட்டித் தேய்ப்பு. பெரும்பகுதியை இயந்திரம் தேய்க்கும்; கடைசிச் சில மைக்ரான் கைவேலை. தேய்த்துக்கொண்டிருந்தவர் அளவுகோல் எதையும் தொடவில்லை. சில்லைக் கழுவி, முனைவாக்கிய ஒளியில் நுண்ணோக்கியில் வைத்துக் குவார்ட்சு மணல்துகளின் நிறத்தைப் பார்த்தார். மஞ்சள் தெரிந்தால் இன்னும் தடிப்பு. சாம்பல் வெள்ளைக்கு மாறினால் 30 மைக்ரானுக்கு வந்தாயிற்று, கையை எடுத்துவிட வேண்டும். நான்கைந்து இழுப்பு, கழுவல், பார்வை. மறுபடி நான்கைந்து இழுப்பு. இப்படித் தேய்த்த சில்லுகளைத்தான் 2018-ல் திறந்த ஆண்டடுக்கு அருங்காட்சியகத்தில் பின்னொளியிட்டு 45 மீட்டர் நீளச் சுவராக நிறுத்தியிருக்கிறார்கள். தெற்கே க்யூஷு தீவின் ஐரா எரிமலை வெடித்த சாம்பல் அந்தச் சுவரில் 30,000 ஆண்டுகளுக்கு முந்தைய இடத்தில் பட்டையாக நிற்கிறது.

எண்ணும் வேலையும் ஒருவரிடம் விடப்படவில்லை. ஒரு தரப்பு சில்லுகளை நுண்ணோக்கியில் எண்ணியது. இன்னொரு தரப்பு எக்ஸ்-கதிர்ப் படங்களையும் தனிமங்களின் ஏற்ற இறக்கத்தையும் வைத்துத் தனியே எண்ணியது. பிறகு இரண்டையும் ஒப்பிட்டார்கள். அடுக்குக்குள் கிடைத்த இலை, சுள்ளி என 800-க்கும் மேற்பட்ட கார்பன்-14 அளவீடுகள் அந்தக் கணக்கோடு இணைந்தன. 2012-ல் வெளியான முடிவு 11,200 முதல் 52,800 ஆண்டுகள் வரை நீள்கிறது.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. கார்பன்-14 தரும் எண் நேரடியான வயது அல்ல. வளிமண்டலத்தில் அதன் அளவு காலத்துக்குக் காலம் மாறியதால் ஓர் அளவுத்திருத்த வளைவின் வழியே மாற்ற வேண்டும். கீழடியின் கரித்துண்டுகளுக்கு மரவளையங்களே போதும். அவை ஏறத்தாழ 14,000 ஆண்டுவரை கைகொடுக்கின்றன. இலங்கையின் பாஹியன் குகையில் 45,000 ஆண்டுகளுக்கும் முன் வாழ்ந்தவர்கள் விட்டுச்சென்ற கரிக்கு மரவளையம் எட்டாது. அவ்வளவு தூரத்துக்குச் செல்லும் உலகப் பொது வளைவை நிறுத்தியுள்ள சான்றுகளில் சுய்கெட்சுவின் இலைகளும் அடக்கம். கடல்நீரின் பழைய கார்பனோ சுண்ணாம்புப் பாறையின் கார்பனோ கலவாமல் காற்றிலிருந்து நேராக எடுத்துக்கொண்டவை என்பதால் அவற்றுக்குத் தனி மதிப்பு.

காலம் இப்படி உறுதியானால்தான் தட்பவெப்பத்தைப் பேச முடியும். அதைச் சொல்வது மகரந்தம். சேற்றை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் இட்டால் மணலும் களியும் கரையும்; மகரந்தத்தின் ஓடு கரையாது. அந்த அமிலம் தோலில் பட்டால் எலும்புவரை இறங்கும். ஆகவே கண்ணாடிப் பெட்டிக்குள் தடித்த கையுறையோடு வேலை செய்கிறவரிடம் அப்போது யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. கடைசியில் மிஞ்சும் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்து நூற்றுக்கணக்கில் எண்ணுவார்கள். ஜப்பானின் ஊசியிலை மரமான சுகியின் மகரந்தத்துக்கு ஒரு சிறு வளைந்த மூக்கு. பைனுக்கு இருபுறமும் காற்றுப்பை. பனியுகத்தின் கடுமையான அடுக்குகளில் ஸ்ப்ரூசும் பிர்ச்சும் கூடுகின்றன. வெப்பம் ஏறிய அடுக்குகளில் சுகியும் பசுமைமாறா ஓக்கும் வருகின்றன. இன்றைய ஜப்பானில் இடத்துக்கு இடம் சேகரித்த மகரந்தக் கலவைகளோடு ஒப்பிட்டு, இதே கலவை இன்று எந்த வெப்பத்தில் விழுகிறது என்று பார்த்துப் பழைய வெப்பநிலையைக் கணக்கிடுகிறார்கள்.

பனியுகம் முடிந்தபோது இங்கே வெப்பம் ஏறியது வட அட்லாண்டிக்குக்குச் சில நூற்றாண்டுகள் முன்னதாக, இடையில் வந்த குளிர் தொடங்கியது சில நூற்றாண்டுகள் பின்னதாக என்று 2003-ல் நாககாவாவும் உடன் ஆய்வாளர்களும் எழுதினார்கள். பூமி முழுவதும் ஒரே நாளில் திரும்பவில்லை என்ற அந்தக் கூற்று, காலநிலை எப்படி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பரவுகிறது என்பதையே கேள்வியாக்குகிறது. ஆனால் சில நூற்றாண்டு முன்பின் என்று வாதிட, சில நூற்றாண்டு தொலைந்துபோன கணக்கு உதவாது. அடுக்கு அடுக்காக மகரந்தத்தைத் திரும்ப எண்ணும் வேலை அதனால்தான் விரிந்தது.

எண்ணிக்கொண்டிருந்த மாணவி ஒரு துகளில் நின்றார். பாதி கிழிந்த ஓடு. சுகியாக இருக்கலாம் என்று எனக்கே தோன்றியது. மூக்கு இருக்க வேண்டிய பக்கம் இல்லை. மேற்பார்வையாளரை அழைத்தார். இருவரும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு அட்டவணையில் ‘அடையாளம் தெரியாதவை’ என்ற பத்தியில் ஒன்றைக் கூட்டினார். அந்தப் பத்தியின் எண்ணிக்கையும் மற்ற மரங்களின் எண்ணிக்கையோடு சேர்ந்தே முடிவில் அச்சாகும்.