ஜூரிப் பெட்டியில் யார்?

ராப் ரைனர் இயக்கிய ‘கோஸ்ட்ஸ் ஆஃப் மிசிசிப்பி’ 1996-இல் வெளியானபோது பெரிதாக ஓடவில்லை. நீதிமன்றப் படங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள்கூட அதை எப்போதாவதுதான் நினைவுகூர்கிறார்கள். ஆனால் அது எடுத்துக்கொண்ட வழக்கு லேசுப்பட்டதல்ல. கறுப்பினத்தார் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யின் மிசிசிப்பி மாநிலச் செயலாளர் மெட்கர் எவர்ஸ், 1963 ஜூன் 12 அன்று நள்ளிரவு தாண்டிக் காரிலிருந்து இறங்கும்போது ஜாக்சன் நகரில் தன் வீட்டு வாசலிலேயே முதுகில் சுடப்பட்டார். சுட்டவர் உர விற்பனையாளரான பைரன் டி லா பெக்வித். அவர் மீதான வழக்கு 1964-இல் இரண்டு முறை நடந்து இரண்டு முறையும் தீர்ப்பில்லாமல் முடிந்தது. மூன்றாம் முறை, 1994 பிப்ரவரி 5 அன்று, அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 73. கொலைக்கும் தண்டனைக்கும் இடையே முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. இப்படி ஒரு கதையைப் படமாக்குகிறவர் பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி, கொன்றவர் யார் என்பதல்ல. அது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஏன் இத்தனை காலம் ஆயிற்று, பிறகு எது மாறியது என்பதுதான் கேள்வி. படம் இதற்குத் தரும் பதில் பாதி உண்மை என்பது என் கட்சி. விட்டுப்போன மறுபாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

படத்தின் பதிலுக்குப் பெயர் பாபி டெலாட்டர். ஹிண்ட்ஸ் மாவட்டத்தின் உதவி அரசு வழக்கறிஞர், வெள்ளையர், நல்ல குடும்பத்துப் பிள்ளை. அலெக் பால்ட்வின் நடித்திருக்கிறார். பழைய வழக்கின் கோப்புகள் காணாமல் போயிருக்கின்றன. தடயங்கள் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் தேடத் தொடங்குகிறார். கொலைக்குப் பயன்பட்ட துப்பாக்கி, நீதிபதியாக இருந்து மறைந்த அவருடைய மாமனார் வீட்டு அலமாரியிலேயே கிடைக்கிறது. (எந்தத் திரைக்கதை ஆசிரியராவது இதைக் கற்பனையாக எழுதியிருந்தால் நம்ப மாட்டோம், ஆனால் நிஜத்திலும் அப்படித்தான் நடந்தது.) மனைவி விலகிப் போகிறாள், மிரட்டல்கள் வருகின்றன, அவர் மனம் படிப்படியாக மாறுகிறது. கொலையாளியாக வரும் ஜேம்ஸ் வுட்ஸ் ஆஸ்கார் பரிந்துரை பெறும் அளவுக்கு நடித்திருக்கிறார். கழிப்பறையில் டெலாட்டரைச் சீண்டும் காட்சியில் அந்தக் கிழவரின் திமிர் நம் உடம்பில் ஊர்கிறது. எவர்ஸின் மனைவி மர்லியாக நடித்த ஊபி கோல்ட்பர்குக்கோ பெரும்பாலும் காத்திருப்பதும் தொலைபேசியில் கேட்பதும்தான் வேலை. ஆக, படத்தின் கணக்குப்படி தாமதத்துக்குக் காரணம் மறதியும் அலட்சியமும். தாமதத்தை முடித்துவைத்தது ஒரு நல்ல மனிதரின் மனசாட்சி.

உண்மையில் 1964-இலேயே எதுவும் தெரியாமல் போய்விடவில்லை. துப்பாக்கி அன்றே எவர்ஸ் வீட்டுக்கு எதிர்ப்புறப் புதரில் கிடைத்துவிட்டது. அதன் தொலைநோக்கியில் பெக்வித்தின் விரல்ரேகை இருந்தது. அந்தத் துப்பாக்கி அவருடையது என்பதிலும் தகராறு இல்லை. திருடுபோய்விட்டது என்றுதான் அவர் தரப்பு சொன்னது. எதிர்த்தரப்பில் இருந்ததெல்லாம், கொலை நேரத்தில் அவரை ஏறத்தாழ 90 மைல் தள்ளி கிரீன்வுட் ஊரில் பார்த்ததாகச் சொன்ன போலீஸ்காரர்களின் சாட்சியம். அரசு வழக்கறிஞர் பில் வாலர் வழக்கை ஒழுங்காகவே நடத்தினார். பின்னாளில் அந்த மாநிலத்துக்கு ஆளுநராகவும் ஆனார். 1994-இல் சேர்ந்த புதிய சரக்கு என்று பார்த்தால், இடைப்பட்ட ஆண்டுகளில் பெக்வித் தன் செயலைப் பெருமையாகச் சொல்லித் திரிந்ததைக் கேட்டவர்களின் சாட்சியம்தான் முக்கியமானது. அது வழக்கை வலுப்படுத்தியது, மறுக்கவில்லை. ஆனால் அடித்தளம் 1964-இல் இருந்ததேதான். அதே துப்பாக்கி, அதே ரேகை, அதே போலீஸ்காரர் கதை. இறந்துபோன சாட்சிகளின் வாக்குமூலங்களைப் பழைய விசாரணைப் பதிவிலிருந்து வேறு ஆட்கள் சாட்சிக்கூண்டில் உட்கார்ந்து வாசித்தார்கள் என்றால், சொற்கள்கூட அதே சொற்கள்தான். மாறியது, கேட்டுக்கொண்டிருந்த 12 பேர்.

ஜூரி முறை நம் ஊரில் ஒழிந்து அரை நூற்றாண்டாகிவிட்டதால் இதன் கனம் நமக்குச் சட்டென்று உறைப்பதில்லை. அமெரிக்கக் கொலை வழக்கில் குற்றவாளியா இல்லையா என்று சொல்வது நீதிபதி அல்ல. ஊர்க்காரர்கள் 12 பேர், ஒருமித்து. மிசிசிப்பியில் அந்த 12 பேரை வாக்காளர்களிலிருந்துதான் எடுத்தார்கள். வாக்காளராவதற்கோ தலைவரி கட்ட வேண்டும். மாநில அரசமைப்பின் ஏதாவது ஒரு பிரிவுக்குப் பதிவு அதிகாரி திருப்திப்படும்படி விளக்கம் எழுத வேண்டும். அந்த அதிகாரி வெள்ளையர். அவர் எப்போதும் திருப்திப்பட மாட்டார். மக்கள்தொகையில் 40 சதவீதத்துக்கு மேல் கறுப்பினத்தார் இருந்த மாநிலத்தில், 1964-இல் அவர்களில் வாக்களிக்கும் வயதுடையவர்களில் 7 சதவீதம் பேர்கூடப் பட்டியலில் இல்லை. பெண்களை ஜூரியில் சேர்ப்பதற்கு அந்த மாநிலம் 1968 வரை காத்திருந்தது. எனவே 1964-இல் பெக்வித்தின் எதிரில் உட்கார்ந்திருந்த 24 பேரும் வெள்ளை ஆண்களாக இருந்ததில் தற்செயல் எதுவும் இல்லை. அந்த ஆண்டு விசாரணையின்போது முன்னாள் ஆளுநர் ராஸ் பார்னெட் நீதிமன்றத்துக்கே வந்து பெக்வித்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஜூரிகள் யாரோடு கூட்டாளிகளாக இருக்க வேண்டும் என்று வாய்திறந்து சொல்ல வேண்டிய தேவையே அவருக்கு இல்லை.

1994-இல் என்ன நடந்தது? ஜாக்சன் நகரில் செய்தி பரவிக் கிடந்ததால் ஜூரிகளை வடக்கே பனோலா மாவட்டத்தில் தேர்ந்தெடுத்துக் கூட்டிவந்தார்கள். எட்டுப் பேர் கறுப்பினத்தார், நான்கு பேர் வெள்ளையர். இந்தப் பனோலாவுக்கு ஒரு கதை உண்டு. வாக்காளர் பதிவில் பாகுபாடு காட்டுவதாக மத்திய அரசு 1961-இல் அந்த மாவட்டத்தின் மேல் வழக்குப் போட்டது. அப்போது அங்கே வாக்களிக்கும் வயதில் 7000-க்கு மேற்பட்ட கறுப்பினத்தார் இருந்தார்கள். பட்டியலில் இருந்தவர் ஒரே ஒருவர். அந்த மாவட்டத்திலிருந்து முப்பத்து மூன்று ஆண்டுகளில் எட்டுக் கறுப்பின ஜூரிகள் வந்து உட்கார்ந்தார்கள் என்றால் இடையில் நடந்தது என்ன என்பதுதான் இந்த வழக்கின் உண்மைக் கதை. 1965-இன் வாக்குரிமைச் சட்டம் வந்தது; இரண்டே ஆண்டில் மிசிசிப்பியின் கறுப்பின வாக்காளர் பதிவு கிட்டத்தட்ட 60 சதவீதத்தைத் தொட்டது. 1986-இல் உச்ச நீதிமன்றம், இனத்தைப் பார்த்து ஜூரிகளைக் கழிப்பது செல்லாது என்றது. படத்தில் இது எதுவும் கதையாக வருவதில்லை. ஜூரிகள் பின்னணியில் வரிசையாகத் தெரியும் முகங்கள், அவ்வளவுதான்.

இந்த விடுபடலில் என்னை உறுத்துவது வேறொன்று. எவர்ஸ் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலையே இந்தப் பட்டியலை மாற்றுவதுதான். நார்மண்டியில் போர் செய்துவிட்டுத் திரும்பியவர், 1946-இல் தன் அண்ணனோடும் நண்பர்களோடும் டெகேட்டர் ஊரில் வாக்களிக்கப் போனார். ஆயுதம் தாங்கிய வெள்ளையர் கூட்டம் திருப்பி அனுப்பியது. 1954-இல் சங்கச் செயலாளரானது முதல் ஊர் ஊராகப் போய் ஆட்களைப் பதிவு செய்ய வைத்தார். சிறுவன் எம்மெட் டில் கொல்லப்பட்டபோது பருத்திக்காட்டுக் கூலியாள்போல வேடமிட்டுச் சாட்சி தேடினார். சுடப்பட்ட அந்த இரவிலும் அவர் கையில் இருந்தவை, நிறவேற்றுமையை ஒழிக்கச் சொல்லும் வாசகம் அச்சிட்ட சட்டைகள். தன் கொலை வழக்கில் தீர்ப்பு சொல்லத் தகுதியுள்ள ஜூரிகளை உருவாக்கும் வேலையை அவரே தொடங்கிவைத்தார் என்றால் அது மிகையில்லை. படமோ அவரைத் தொடக்கக் காட்சிகளிலேயே சாகடித்துவிட்டு, மிச்ச நேரமெல்லாம் வேறொருவருடைய வேலையாக இதைக் காட்டுகிறது.

தாமதத்தை மறதி என்று சொல்வதும் பொருந்தாது. நிறவேற்றுமையைக் காப்பதற்கென்றே 1956-இல் மிசிசிப்பி அரசு ‘இறையாண்மை ஆணையம்’ என்று ஒன்றை அமைத்தது. சொந்தக் குடிமக்களை வேவு பார்ப்பது அதன் அன்றாட வேலை. 1964-இன் இரண்டாம் விசாரணையில், ஜூரியாக வரக்கூடியவர்களின் பின்னணியைத் துருவி அந்த ஆணையம் பெக்வித்தின் வக்கீல்களுக்குக் கொடுத்தது. ஒரு கையால் வழக்குத் தொடுத்த அரசு, மறு கையால் குற்றவாளிக்கு உதவியது. 1977-இல் ஆணையத்தை மூடியபோது அதன் கோப்புகளை 50 ஆண்டுகளுக்குப் பூட்டி வைக்கச் சட்டமே போட்டார்கள். மறந்துபோகிறவர்கள் இப்படிப் பூட்டுப் போடுவதில்லை. 1989-இல் ‘கிளாரியன் லெட்ஜர்’ நிருபர் ஜெர்ரி மிட்செல் அந்தக் கோப்புகளில் இருந்ததை வெளியே கொண்டுவந்த பிறகுதான், மர்லி எவர்ஸ் வழக்கை மறுபடி எடுக்கச் சொல்லி நெருக்கினார். டெலாட்டரின் மேசைக்கு அது வந்து சேர்ந்தது. நீதிமன்றத்தில் காணாமல் போன விசாரணைப் பதிவின் சான்றளிக்கப்பட்ட நகலை அத்தனை ஆண்டும் பத்திரமாக வைத்திருந்தவரும் மர்லிதான். அது இல்லையென்றால் இறந்த சாட்சிகள் இறந்தவர்களாகவே இருந்திருப்பார்கள்.

இங்கே ஒருவர் கேட்கலாம்: அப்படியானால் கறுப்பின ஜூரிகள் கறுப்பினத்தார் என்பதால் தண்டித்தார்கள் என்கிறாயா? பழைய பாகுபாட்டைத் தலைகீழாக்குவதுதானே அது? இல்லை. 1994-இல் அந்த அறையில் இருந்த நான்கு வெள்ளையரும் உடன்படாமல் தீர்ப்பு வந்திருக்க முடியாது. 1964-இல் கொல்லப்பட்ட மூன்று உரிமைப் போராளிகளின் வழக்கில் 2005-இல் எட்கர் ரே கிலனைக் குற்றவாளி என்று சொன்ன ஜூரியில் ஒன்பது பேர் வெள்ளையர், மூன்று பேர்தான் கறுப்பினத்தார். எண்ணிக்கை எப்படி இருந்தாலும், இரு தரப்பும் கலந்து உட்கார்ந்திருக்கும் அறையில் சில பொய்களை முகம் கோணாமல் சொல்லிவிட்டுப் போக முடியாது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1964-இன் வெள்ளை ஜூரிகளிலும் சிலர் பெக்வித்தைக் குற்றவாளி என்றார்கள். அதனால்தான் ஒருமித்த முடிவு வரவில்லை. டில் வழக்கில் 1955-இல் ஜூரி ஒரு மணி நேரச் சொச்சத்தில் விடுதலை என்று சொல்லிவிட்டது. சில மாதங்களில் கொலையாளிகள் பத்திரிகைக்குக் காசு வாங்கிக்கொண்டு கொலையை ஒப்புக்கொண்டபோதும் யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரு முறை விடுதலையானவர் மேல் அதே குற்றத்துக்கு மறுபடி வழக்கில்லை. பெக்வித் விடுதலையாகவில்லை, தப்பித்தார், அவ்வளவே. மூன்றாம் விசாரணைக்கு வாசல் திறந்து வைத்தவர்கள், தங்கள் ஊருக்குத் திரும்பிப் போய் அயலாரின் முகத்தில் விழிக்க வேண்டியிருந்த அந்தச் சில வெள்ளை ஆண்கள். அவர்களைப் பற்றி ஒரு படம் வந்தால் டெலாட்டர் படத்தைவிட ஆவலாக நான் பார்ப்பேன்.

அடுத்த ஆட்சேபம் இன்னும் கனமானது. முப்பது ஆண்டு கழித்து ஒரு கிழவரைக் கூண்டில் ஏற்றுவது நியாயமா? விரைவான விசாரணை என்பது குற்றம் சாட்டப்பட்டவரின் அடிப்படை உரிமை. சாட்சிகள் இறந்திருக்கிறார்கள், புதிதாகக் குறுக்கு விசாரணை செய்ய வழியில்லை. 1969-இல் அரசே வழக்கைக் கைவிட்டிருந்தது. இதை நான் லேசாக ஒதுக்க மாட்டேன். இந்த உரிமையை இன்று பெக்வித்துக்கு மறுத்தால் நாளை அது வேறு யாருக்கோ மறுக்கப்படும். மேல்முறையீட்டில் மிசிசிப்பி உச்ச நீதிமன்றமும் 1997-இல் ஒருமனதாக முடிவெடுக்கவில்லை. ஆனாலும் தண்டனையை உறுதிசெய்தது சரி என்றே நினைக்கிறேன். வாசித்துக் காட்டப்பட்ட சாட்சியங்கள் 1964-இல் சத்தியப் பிரமாணத்தின் மேல் சொல்லப்பட்டு, பெக்வித்தின் வக்கீல்களால் குறுக்கு விசாரணை செய்யப்பட்டவை. அவருக்கு ஆதரவான போலீஸ்காரர்களில் ஒருவர் 1994-இலும் நேரில் வந்து சாட்சி சொன்னார். பெக்வித் மாதக்கணக்கில் சிறையில் கிடந்தபோது, தவறான ஆளைப் பிடித்திருக்கிறீர்கள் என்று உங்கள் அதிகாரிகளிடம் ஏன் சொல்லவில்லை என்று டெலாட்டர் கேட்டதற்கு அவரிடம் உருப்படியான பதில் இல்லை. காலம் இரு தரப்பையும் தேய்த்திருந்தது. பெக்வித்தை மட்டும் அல்ல. அந்தக் காலத்தை வீணடித்ததில் அரசின் ஆணையத்துக்குப் பங்கு உண்டு, அதன் பலனை அனுபவித்தவர் அவர். இந்த வாதத்தைப் படம் கெட்டவனின் தந்திரமாகக் காட்டிவிட்டு நகர்கிறது. நின்று பதில் சொல்லியிருந்தால் படம் உயர்ந்திருக்கும்.

இரண்டு மணி நேரப் படத்துக்கு ஒரு கதாநாயகன் வேண்டும், வாக்காளர் பட்டியலை எவன் காசு கொடுத்துப் பார்ப்பான் என்று சினிமா தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். சிட்னி லூமெட் 1957-இல் 12 ஜூரிகளை ஒரு புழுக்கமான அறையில் பூட்டி வைத்தே ஒரு முழுப் படம் எடுத்தார். அது இன்றும் ஓடுகிறது. ஆனால் இந்த ஆட்சேபத்தில் என்னால் சுலபமாகத் தாண்ட முடியாத ஓர் உண்மை இருக்கிறது. ஜெர்ரி மிட்செலை இந்த வழக்குகளின் பக்கம் திருப்பியதே 1988-இல் வந்த ‘மிசிசிப்பி பர்னிங்’ படத்தின் பத்திரிகையாளர் காட்சிதான். எஃப்.பி.ஐ. ஆட்களைக் கதாநாயகர்களாக்கி, கறுப்பினத்தாரை மௌனமாக நிற்க வைத்த படம் அது. ரைனர் படத்தின் குறை அங்கே இரட்டிப்பாக உண்டு. அந்தக் கோணல் படம்தான் ஒரு நிருபரைக் கோப்பு தேட அனுப்பியது. ஆகவே கோணலான படங்களால் பயனே இல்லை என்று நான் சொல்ல முடியாது. பயன் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் கவனிக்கலாம்: படத்தை நம்பியதிலிருந்து அல்ல, படம் காட்டாததைத் தேடிப் போனதிலிருந்து.

டெலாட்டர் செய்தது சின்ன வேலை என்றும் நான் சொல்லவில்லை. தூசி படிந்த வழக்கை எடுக்காமல் இருக்க அவருக்கு நூறு காரணங்கள் இருந்தன. ஆனால் ஒரு வரலாற்றையே ஒருவரின் மனசாட்சியில் தொங்கவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் படத்துக்குப் பின் நடந்ததே சாட்சி. அவர் பிறகு ஹிண்ட்ஸ் மாவட்ட நீதிபதியானார். 2009-இல், ஒரு வழக்கில் நடந்த ஊழலைப் பற்றி எஃப்.பி.ஐ.யிடம் பொய் சொல்லி நீதிக்கு இடையூறு செய்ததை ஒப்புக்கொண்டு, 18 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். இது தெரிந்தபின் படத்தைப் பார்க்கிறவருக்கு அதன் ஆதாரமே ஆட்டம் காண்கிறது. வழக்குக்கு அப்படி ஏதும் நேரவில்லை. பெக்வித் 2001 ஜனவரியில் சிறைவாசத்திலேயே இறந்தார். இன்னொரு உரிமைப் போராளியான வெர்னன் டாமரின் கொலைக்காக சாம் பவர்ஸ் 1998-இல் தண்டிக்கப்பட்டார், கிலன் 2005-இல். அந்த வழக்குகளை நடத்தியவர்கள் வேறு வழக்கறிஞர்கள், வேறு மாவட்டங்களில். இரண்டிலும் தொடர்ந்து இருந்தவை, தோண்டிக்கொண்டே இருந்த அதே நிருபரும், விடாமல் கேட்டுக்கொண்டிருந்த குடும்பங்களும், எல்லாரையும் சேர்த்து எழுதிய ஒரு வாக்காளர் பட்டியலும்.