பின்னால் போகாதே

பத்து வயதில் கன்னியாகுமரி கடற்கரையில் ஒரு சவாரிக் குதிரையின் வாலைத் தொடப் போய் உதை வாங்கினேன். ஓடிவந்த அப்பா கன்னத்தில் ஓர் அறையும் விட்டார். அதற்குப் பிறகு குதிரை என்றால் எனக்கு, விஜயதசமியன்று பகவதியம்மன் மகாதானபுரத்துக்குப் பரிவேட்டைக்கு ஏறிப்போகும் வெள்ளிக்குதிரை வாகனம்தான். அது உதைக்காது.

இப்போது வயது 34. வொர்க் ஃப்ரம் ஹோம் வாங்கி ஊருக்கு வந்தவன், காலையில் நாகர்கோவில் பக்கம் ஒரு சின்ன லாயத்துக்கு வேலைக்குப் போகிறேன். சம்பளம் கிடையாது. லத்தி அள்ளணும், தண்ணி வைக்கணும், குளம்பு சுத்தம் பண்ணணும். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர்; குளம்பில் ஈரச் சேறு தங்கினால் அழுகல் பிடித்துவிடும். குதிகாலிலிருந்து நுனிக்குக் கொக்கியால் சுரண்டி எடுக்க வேண்டும். நடுவே முக்கோணமாய் இருக்கும் மெத்தென்ற பகுதியில் கொக்கி குத்தக் கூடாது. முதல் வாரம் குதிரை எனக்குக் காலே தரவில்லை.

"மூச்ச விடும் தம்பி," என்றார் லாயத்து அண்ணாச்சி. "நீரு விறைச்சா அதும் விறைக்கும். வாலுக்கு நேரா மட்டும் போவாதேயும். அங்க அதுக்குக் கண்ணு தெரியாது கேட்டீரா."

கொக்கியோடு அப்படியே நின்றேன். அன்று உதைத்தது கோபத்தில் இல்லை. யார் வருகிறார்கள் என்று தெரியாத பயத்தில். 24 வருஷமாக அதைக் கோபம் என்றே வைத்திருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டிப்போனேன். வாசலைத் தாண்டி அவர் வரவில்லை. நான் குதிரையின் தோளில் கைவைத்து மெதுவாகக் கீழே இறக்கினேன். அது காலைத் தூக்கித் தந்தது.

"லேய் மக்கா," என்றார் அப்பா. குரல் நடுங்கியது. "பின்னால போவாத."