திருப்புளியும் ஒரு முழம் ஹோஸும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயப்பாளையம் போகும் சாலையோரத்தில் இருக்கிறது அந்தப் பட்டறை. தகரக் கூரை, ஆயில் குடித்துக் கறுத்த மண்தரை. வெள்ளிமலைப் பக்கமிருந்து வந்த பழைய ஜிப்ஸி ஒன்று முந்தின நாள் மாலையிலிருந்தே நின்றுகொண்டிருந்தது. வந்ததுமே ஏன் பார்க்கவில்லை என்று கேட்டேன்.

"சூட்டுல பாதி பொய் சொல்லும் சார். ராத்திரி ஆறட்டும்னு விட்டேன்" என்றார் மெக்கானிக்.

மூன்று கை மாறிய வண்டி. பெரிய டயர், வெளியில் வாங்கி மாட்டிய எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, ஊரையே எழுப்பும் சைலன்சர். வாங்கியவர் மலைக்கார இளைஞர். மரவள்ளி போட்ட காசு. "ஏத்தத்துல நல்லா இழுக்குதுண்ணா. நின்னா நடுங்குது. டிக் டிக்குனு சத்தம் வேற." கனெக்டிங் ராடு போச்சு, இஞ்சினை இறக்கணும் என்று யாரோ அவரைப் பயமுறுத்தியிருந்தார்கள்.

சாவியைத் திருப்பியதும் டிக் டிக். மெக்கானிக் கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யவில்லை, கேட்டார், அவ்வளவுதான். "ராடா இருந்தா இதைவிட ரெண்டு மடங்கு வேகமா, கனமா, கீழேருந்து தட்டும் தம்பி." கணக்கு சரிதான். நிமிடத்துக்கு 800 சுற்று ஓடும் இஞ்சினில் ஒரு வால்வு 400 முறைதான் திறக்கும்; ராடு தட்டினால் பெரும்பாலும் சுற்றுக்கு ஒரு தட்டு.

நீளத் திருப்புளியின் முனையை வால்வு மூடியில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்தார். தையல் மிஷின் மாதிரி சீரான ஓட்டம். அடுத்து ஒரு முழம் ரப்பர் ஹோஸ். இரும்பின் தட்டலைத் திருப்புளி கொண்டுவரும், காற்றின் கசிவை ஹோஸ் கொண்டுவரும். இரண்டாவது சிலிண்டரின் மேனிஃபோல்டு இணைப்பில் புஸ் புஸ்ஸென்றது; என் காதிலும் வைத்துக் காட்டினார். பக்கத்திலேயே கரிக்கோடு. பேக்கிங் போயிருந்தது. இஞ்சின் சூடேறியதும் இரும்பு விரிந்து இடைவெளி மூட, சத்தம் காணாமல் போனது. விற்றவர் காட்டும்போது வண்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததாம்!

நடுக்கத்துக்கும் அதுதான் காரணம் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். தப்பு.

ஓடும் இஞ்சினில் இஞ்செக்டர் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். கார்பரேட்டர் காலத்தில் பிளக் ஒயரைப் பிடுங்குவார்கள், அதே சோதனைதான். நான்கிலும் ஒரே அளவு தளர்ந்தது. அப்படியானால் எந்த சிலிண்டரும் தூங்கவில்லை. கோளாறு நான்குக்கும் பொது. விரல்கள் வேக்கம் ஹோஸைத் தடவிப் போய் ஒரு முனையில் நின்றன. முன்பு யாரோ காஸ் கிட் மாட்டி, பிறகு கழற்றி, அதற்காகப் பிரித்த கிளைக்குழாயில் ஒரு போல்ட்டைச் செருகி அடைத்திருக்கிறார்கள். ரப்பர் வெடித்திருந்தது. குறட்டால் இறுக்கிப் பிடித்தார். ஏறி இறங்கிக்கொண்டிருந்த ஐடிலிங் படிந்து நின்றது. திராட்டில் மூடியிருக்கும்போதுதான் உறிஞ்சல் அதிகம். மிதித்தால் குறைந்துவிடும். மலையேறும்போது வண்டி நோயை மறைத்தது அதனால்தான்.

பட்டறையில் ஸ்கேனரும் இருக்கிறது. அன்று அது பெட்டியை விட்டு வெளியே வரவில்லை.

மதியத்துக்குள் பேக்கிங்கும் ஹோஸும் மாறின. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் காலையில், பானெட்டைத் தொட்டுப் பார்த்து, குளிர்ந்திருந்தால் மட்டும் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஆர்.சி.யையும் வாங்கிப் பாருங்கள். அந்த ஜிப்ஸியின் ஆர்.சி.யில் எரிபொருள் இன்னமும் பெட்ரோல்/எல்பிஜி என்றே இருக்கிறது.